வீட்டு ஆட்கள் பட்டியல்

"இதுக்கு முன்னாடி நீங்க எப்படி நடப்பீங்கன்னு தெரியுற மாதிரி ஏதாவது வீடியோ இருக்காம்மா?" என்று பிசியோதெரபிப் பெண் கேட்டாள். என் வலது காலைத் தன் மடியில் வைத்து மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். சிலருக்கு முதலிலிருந்தே கொஞ்சம் சாய்ந்த நடை இருக்குமாம். அது தெரியாமல் நேராக நடக்கப் பழக்கிவிட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளுமாம். சுவரோரம் துண்டோடு நின்றிருந்த என் கணவருக்கு நான்கு மாதத்தில் முதல் முறையாக முகம் மலர்ந்தது. வீட்டைச் சுற்றிப் பதினொரு கேமரா வைத்திருக்கும் மனிதரிடம் போய் வீடியோ இருக்கிறதா என்று கேட்டால் மலராமல் என்ன செய்யும். "ஒரு நிமிஷம் இருங்க, எடுத்துட்டு வந்துடுறேன்" என்று மாடிக்கு ஓடினார். அறுபத்து மூன்று வயதில் இரண்டிரண்டு படியாகத் தாவும் சத்தம் கேட்டது.

கிடைக்காது என்று எனக்கு அப்போதே தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயில் ஒரு வாக்கியம் உருவாகி வெளியே வருவதற்குள் எதிரில் இருப்பவர் இன்னொரு வேலையே முடித்துவிடுவார். அதனால் இப்போதெல்லாம் பாதி விஷயங்களைச் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். அதில் வருத்தமும் இல்லை. வருத்தப்படுகிற பகுதியும் வலது பக்கத்தோடு சேர்ந்து போய்விட்டதோ என்று சில சமயம் தோன்றும்.

எல்லாம் ஒரு செருப்பில் ஆரம்பித்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் வாசலில் விட்டிருந்த அவருடைய புதுச் செருப்பில் ஒன்று காணாமல் போனது. ஜோடியாகப் போயிருந்தால் மனிதர் இரண்டு நாள் புலம்பிவிட்டு மறந்திருப்பார். ஒற்றைச் செருப்பை எவன் எடுப்பான் என்பதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றேன். "நாய்தான்னு நீ எப்படிச் சொல்ற? பாத்தியா?" என்றார். பார்க்கவில்லைதான். அந்த வாரமே வாசலில் முதல் கேமரா ஏறியது.

லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். ஒயரும் மோட்டாரும் கைக்குப் பழக்கம். கடையில் செட்டாக வாங்கி மாட்டிக்கொள்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். யாரோ தூக்கி எறிந்த கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பதிவு செய்யும் பெட்டியாக மாற்றினார். மழை படாமல் கேமராவை உள்ளே வைக்க என் பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒவ்வொன்றாக மாடிக்குப் போயின. மூடிகள் மட்டும் சமையலறையில் மிஞ்சின. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏணி, துளை போடும் மெஷின், சுவரிலிருந்து கொட்டும் சிமெண்ட் தூசி, அதைப் பெருக்க நான். வாசலுக்கு ஒன்று போதாது என்று சந்துக்கு ஒன்று, மொட்டை மாடிக்கு ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று. தண்ணீரை யார் திருடப் போகிறார்கள் என்று கேட்டால் ஏணியில் இன்னொரு படி ஏறுவார். எங்கள் மகள் தன் ஊரிலிருந்து போன் செய்யும்போது "கமிஷனர் இருக்காரா?" என்றுதான் கேட்பாள். கமிஷனரிடம் அந்தச் செருப்புத் திருடன் இன்றுவரை அகப்படவில்லை.

நான் அதைத் தடுத்ததில்லை. ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் வார்டு நர்ஸாக இருந்தவள் நான். ஓய்வு பெற்ற ஆண்கள் வீட்டில் என்ன ஆகிறார்கள் என்று கட்டில் கட்டிலாகப் பார்த்திருக்கிறேன். குடியில்லை, சீட்டாட்டமில்லை, மாடியில் உட்கார்ந்து ஒயர் சீவுகிறார், இருக்கட்டும் என்று விட்டேன். எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். பின்கட்டில் இருந்த ஆறாம் நம்பர் கேமரா. துணி காயப்போட நான் கொல்லைப்பக்கம் காலை வைத்தால் போதும், மாடியில் அவர் போன் கத்தும், அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை.

"நான் என்ன திருடியா? என் வீட்டுக் கொல்லைக்கு நான் போனா உங்க போன் ஏன் கத்தணும்?" என்று ஒருநாள் பிடித்துக்கொண்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்தார். மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டார். யார் யார் வீட்டு ஆட்கள் என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க முடியுமாம். அதற்காக இரண்டு மாதம் என்னைக் கொல்லையில் நடக்க வைத்துப் போட்டோ போட்டோவாக எடுத்தார். வாளியோடு நட, வாளி இல்லாமல் நட, தலையை விரித்துப் போட்டு நட, குடை பிடித்து நட, திரும்பி நில், குனிந்து நிமிர். மாடியிலிருந்து அவர் சத்தம் போடுவார், நான் கீழே நடப்பேன். அடுத்த வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னக்கா, சினிமாவுல சேந்துட்டீங்களா?" என்று கேட்டாள். வெளியே திட்டினாலும் உள்ளுக்குள் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் அந்த இரண்டு மாதம் போல அவர் என்னை உற்றுப் பார்த்ததே இல்லை.

கடைசியில் ஒருநாள் மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினார். திரையில் நான் முதுகைக் காட்டிக்கொண்டு துணி பிழிகிறேன். என்னைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம். மேலே 'வீட்டு ஆள்' என்று எழுதியிருந்தது. "இனிமே உன்னைப் பாத்தா கத்தாது. பதிவும் பண்ணாது. வீட்டு ஆட்கள் பட்டியல்ல நீ, நான், பாப்பா மூணு பேர். நம்மளை எல்லாம் பதிவு பண்ணி எதுக்கு டிஸ்க்கை ரொப்பணும்? இதுவரைக்கும் பதிவானதையும் அழிச்சுட்டேன்." என்றார். பின்னாலிருந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறது என்று அவருக்கு அவ்வளவு பெருமை. எனக்கும்தான். அன்றிலிருந்து நிம்மதியாகத் துணி காயப்போட்டேன்.

விழுந்த நாளும் துணி காயப்போடத்தான் போனேன். காலை ஏழரைக்கு அவருக்குச் சாப்பாடு போட்டேன், சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனார். புதிதாக ஏதோ ஒரு டிஸ்க் மாற்றிக்கொண்டிருந்தார். நான் மற்ற வேலைகளை முடித்துவிட்டுப் படுக்கை விரிப்பைத் துவைத்து எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தேன். அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல் மணி அடித்தது. பத்து நாற்பது. கொடியில் விரிப்பை வீசினேன். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

விழுந்தபோது வலிக்கவில்லை. வாளி கவிழ்ந்து தண்ணீர் எனக்குக் கீழே ஓடியது. இடது தோளில் ஜில்லென்றது, வலது தோளில் ஒன்றும் தெரியவில்லை. என்ன நடக்கிறது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. இதே நிலையில் வந்தவர்களை எத்தனையோ தடவை கட்டிலுக்கு மாற்றியிருக்கிறேன். வலது கை, வலது கால், வாய், வரிசையாகச் சோதித்தேன், வார்டில் செய்வது போலவே. கூப்பிட்டுப் பார்த்தேன். வந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை. நேர் மேலே, குளியலறைச் சுவரில், ஆறாம் நம்பர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. பச்சைக் கட்டத்தையும் போட்டிருக்கும்.

மதியச் சாப்பாட்டு மணியும் அடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் பசி என்று கீழே இறங்கி வந்தார்.

ஆஸ்பத்திரியில் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்கு ஆச்சு என்பதுதான். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது ஆனது என்று தெரியாவிட்டால், கடைசியாக ஆளை நன்றாகப் பார்த்த நேரத்திலிருந்து கணக்கு. தாண்டிவிட்டால் போடமாட்டார்கள், போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம். "தெரியலைங்க டாக்டர். நான் பன்னெண்டே காலுக்கு மேலதான் பாத்தேன். காலைல ஏழரைக்கு நல்லாத்தான் இருந்தா" என்று என் கணவர் சொன்னார். அப்போது மணி ஒன்று ஆகப்போகிறது. ஐந்தரை மணி நேரம். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

பத்து நாற்பது என்று நான் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தேன். வாயிலிருந்து எச்சில்தான் வந்தது. விரலைக் காட்டலாம் என்று இடது கையைத் தூக்கினேன். ஊசிக் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறேன் என்று நினைத்து அங்கிருந்த நர்ஸ் என் கையைப் பிடித்துக் கட்டிலோடு அழுத்தினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் அழுத்தியிருப்பேன்.

டிஸ்சார்ஜ் காகிதத்தில் 'ஆரம்பித்த நேரம்: தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தது. இப்போது நான் கோலை ஊன்றிக் கொல்லைப் பக்கம் ஓரடி வைத்தாலும் போன் அலறுகிறது, அவர் ஓடி வருகிறார். முன்பெல்லாம் மூன்று தடவை கூப்பிட்டால்தான் வருவார். மகள் வந்திருந்தபோது, "அப்பா, அம்மாவைக் கொஞ்சம் மூச்சு விட விடுங்க" என்று சொன்னாள். அவளும் அவரை இப்போது கமிஷனர் என்று கூப்பிடுவதில்லை.

பிசியோதெரபிப் பெண் இருபது நிமிடம் காத்திருந்தாள். அவளுக்கு அடுத்த வீடு இருந்தது. "பரவால்லம்மா, கிடைச்சா அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் இறங்கி வரவில்லை. சாயங்கால டீ நேரம் ஆனது. டீயை யார் போடுவது என்று யோசித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு படியில் சத்தம் கேட்டது. இந்த முறை ஒவ்வொரு படியாக.

வந்து என் பக்கத்தில், வலது பக்கத்தில், உட்கார்ந்தார்.

"முன்னூத்திப் பன்னெண்டு போட்டோ இருக்கு, அப்போ எடுத்தது. நடை ஒண்ணுகூட இல்ல." கையிலிருந்த துண்டை மடித்துக்கொண்டே சொன்னார். "பன்னெண்டு வருஷம். பேப்பர் போடுறவன் நடை இருக்கு. தபால்காரர் நொண்டுறது இருக்கு. தெருவுல போறவன் வரவன் எல்லாம் இருக்கான்."

நான் தலையாட்டினேன்.

"அன்னிக்குக் காலைல பதினாலு கிளிப் பதிவாகியிருக்கு. நீ ஆஸ்பத்திரியில இருந்தப்பவே எல்லாத்தையும் பாத்துட்டேன். ஓரத்துலயாச்சும் நீ தெரிவியான்னு. இல்ல." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மேல திரை ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். சத்தம் வந்தாத்தானே நிமிந்து பாப்பேன்."

பட்டியலில் என்னைச் சேர்க்க வைத்ததே நான்தான். அதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும்.

"எப்போ விழுந்த?" என்று கேட்டார்.

நான்கு மாதமாக அவர் கேட்காமல் இருந்த கேள்வி. எனக்குப் பேச்சு திரும்பும் வரை காத்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். திரும்பிய பிறகும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று நான் பலமுறை யோசித்து வைத்திருந்தேன். நீங்கள் மாடிக்குப் போனதுமே விழுந்துவிட்டேன் என்று சொன்னால், ஊசிக்கு எப்படியும் நேரம் இருந்திருக்காது, அந்த வகையில் அவர் தப்பிப்பார். ஆனால் நாலேமுக்கால் மணி நேரம் என்னைக் கிடக்க விட்டவர் ஆவார். நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால்தான் என்றால், கிடந்தது பத்து நிமிடம்தான், ஆனால் ஊசிக்கு வேண்டிய மட்டும் நேரம் இருந்திருக்கிறது. அவரை விட்டுவைக்கிற ஒரு நேரம் கடிகாரத்தில் இல்லை. வார்டில் இருந்தபோது உறவுக்காரர்களுக்கு இதமாக எத்தனையோ சொல்லியிருக்கிறேன். கஷ்டப்படல, தூக்கத்துலயே போயிட்டார் என்று முகம் மாறாமல் சொல்வேன். ஆனால் பொய்க்கு நிறைய வாக்கியம் வேண்டியிருக்கிறது. இப்போது என் வாய்க்கு அவ்வளவு தாங்காது.

"பத்து... நாப்பது" என்றேன். "மணி... அடிச்சுது."

"இன்டர்வெல் மணியா?"

"ம்."

அவர் உதடுகள் அசைந்தன. லிஃப்ட் வேலையில் எடைக் கணக்குப் போடும்போதும் அவர் அப்படித்தான் வாய்க்குள் எண்ணுவார். பத்து நாற்பதிலிருந்து பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து எண்ணினார்.

"அப்போ நேரம் இருந்திருக்கு."

அவர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டேகால் மணி நேரம்தான் ஆயிருக்கு. நான் ஏழரைன்னு சொன்னேன்."

"நீங்க... பாத்தது... அதானே" என்றேன். சொல்லி முடிக்க நேரமானது. அவர் காத்திருந்தார். அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வர வேண்டும், அல்லது ஆத்திரமாவது வர வேண்டும். இரண்டும் வரும் என்று உட்கார்ந்து பார்த்தேன். டீ வேண்டும் என்பது மட்டும்தான் தோன்றியது.

வெளியே யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் என் பக்கம் திரும்பாமலே என் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவருடைய விரல் முட்டிகள் வெளுத்திருந்தன, மணிக்கட்டு நரம்பு புடைத்திருந்தது. அவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தார். உணர்வுள்ள இடது கையைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அது என் மடியில் அப்படியே இருந்தது.