நாலாவது இன்ஜெக்டர்

விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்ட வலி, மூச்சை இழுத்தால் முதுகுவரைக்கும் போனது. வெங்கடேசன் லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நாஸ்தா கூடத் தின்னாமல் நேராக இங்கே வந்து நுழைந்தவன். புகைக்குழாயில் செருகியிருந்த இன்ஜெக்டரைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்தான். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மூக்கு முழுக்க வெள்ளையாகக் கற்கண்டு கட்டியதுபோல இறுகிக் கிடந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது.

அது 2009. மறைமலைநகரில் அவன் வேலை பார்த்த கம்பெனி வெளிநாட்டுக்கு லாரி அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஊர்களில் புகைக்குச் சட்டம் கடுமை. யூரியா கரைசலை இந்த இன்ஜெக்டர் புகைக்குழாய்க்குள் பனிபோலத் தூவவேண்டும். தூவினால்தான் புகையின் நஞ்சு அடங்கும். அதைச் சோதிக்க, மண் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று தினமும் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், திருவிடந்தை என்று சுற்றி வந்தது. ஓட்டுகிறவர் மோசஸ். கடற்கரைக் குப்பத்துக்காரர், ஐம்பது வயது, கான்ட்ராக்ட் டிரைவர்.

"மூணாவதும் போச்சா?" என்றார் மேனேஜர் ராகவன். "நான்தான் சொன்னேனே வெங்கடேசன், இவர் மெயின் சுவிட்சை உடனே அணைக்கிறார்."

இன்ஜினை நிறுத்திய பிறகும் ஒரு சின்னப் பம்ப் ஒன்றரை நிமிடம் ஓடும். குழாயில் மீந்த கரைசலைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அது முடிவதற்குள் மெயின் சுவிட்சை அணைத்தால், மீந்தது சூட்டில் காய்ந்து இன்ஜெக்டரை அடைத்துவிடும்.

"நான் இன்னா கொயந்தையா சார்?" என்றார் மோசஸ். "உறியற சத்தம் நின்னாத்தான் சுவிட்சுல கையே வெப்பேன்."

ராகவன் அவரைப் பார்க்கவில்லை. "ஸ்டோர்ல கடைசியா ஒண்ணு இருக்கு. நாலாவது. அதைப் போட்டுட்டு நீங்களும் கூடப் போங்க. சாயங்காலம் எனக்குக் காரணம் வேணும். இல்லன்னா கான்ட்ராக்டருக்கு போன் பண்ணி ஆளை மாத்திடுவேன்."

அவர் போனதும் மோசஸ் டயரை ஓர் உதை உதைத்தார். "அம்பது வயசு டிரைவர இனிமே எவன் எடுப்பான், நைனா? பாத்து சொல்லு."

நாலாவதை மாட்டிவிட்டு, மூன்றாவதைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெங்கடேசன் ஏறி உட்கார்ந்தான்.

வெயிலும் பசியும் இன்ஜினின் ஒரே சீரான உறுமலும் சேர்ந்து அவன் கண்ணை இழுத்தன. செங்கல்பட்டு ஏரியில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நடுவில் நின்ற கொக்குகளுக்குக் கால் இல்லை. லாரி நின்ற இடத்திலேயே நிற்பதுபோலவும், சாலைதான் அதன் அடியில் உருவிக்கொண்டு போவதுபோலவும் இருந்தது. திருக்கழுக்குன்றத்து மலை வந்தது. கொஞ்ச நேரம் கூடவே நடந்துவிட்டுப் பின்தங்கியது. மாமல்லபுரம் தாண்டியதும் சவுக்கு மரங்களுக்கு இடையே கடல் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அதன்மேல் மெல்லிய வெண்புகை. யாரோ பெரிய இன்ஜெக்டர் ஒன்றை வைத்துக் கடல் முழுக்கத் தூவிக்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றியது. அந்தத் தூவல் தன் முகத்தில் படுகிறது என்றும் நினைத்தான். பட்டது வியர்வை.

திருவிடந்தையில் மோசஸ் ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் அடங்கியது. அடியில் உறிஞ்சும் சத்தம் மட்டும் மெல்லியதாய் இழுத்தது. வெங்கடேசன் கடிகாரத்தைப் பார்த்தான். மோசஸ் கண்ணை மூடிக்கொண்டார், உதடு அசைந்தது. சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகே கை சுவிட்சுக்குப் போனது. முழுசாக இரண்டு நிமிடம்.

"இன்னாண்ணே மொணகுன?"

"பரமண்டல ஜெபம். மூணு தபா சொன்னா மிஷினு நின்னுடும். நாலாவது சேஃப்டிக்கு."

"யாருக்கு சேஃப்டி?"

"உங்க ராகவனுக்குத்தான். பேஜாரு புடிச்ச மனுசன், யாராச்சும் வேண்டிக்க வேணாமா?"

அப்படியென்றால் காரணம் சுவிட்சு இல்லை. வெங்கடேசன் சாலையோர டீக்கடையில் போய் உட்கார்ந்தான். கடைக்காரி செங்கம்மாளிடம் ஒரு கிளாஸ் சுடுதண்ணீர் கேட்டான்.

"டீ வேணாமா? வெறும் தண்ணியா?" என்றவள், அவன் பையிலிருந்த இன்ஜெக்டரைத் தலைகீழாக அதற்குள் விட்டதும் முகத்தைச் சுளித்தாள். "அடப்பாவி, கிளாஸ யாரு கழுவறது?"

நல்ல யூரியாவாக இருந்தால் சுடுதண்ணீரில் சர்க்கரைபோலக் கரைந்துவிடும். வெள்ளை நூல் நூலாகப் பிரிந்து, வளைந்து, கீழே இறங்கியது. பார்க்க அழகாக இருந்தது. அவன் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. எல்லாம் கரைந்த பிறகு வெளியே எடுத்தான். தூவும் துளைகளைச் சுற்றி மங்கலாய் ஒரு வளையம் கரையாமல் நின்றது. நகத்தால் சுரண்டினான், வரவில்லை. அதை எங்கேயோ பார்த்திருக்கிறான். அவன் வூட்டில் வெந்நீர் போடும் அண்டாவின் உள்பக்கத்தில் இதே வளையம்தான்.

எலுமிச்சம்பழத் துண்டு ஒன்று வாங்கிப் பிழிந்தான். வளையத்தின்மேல் பொடிப்பொடியாய்க் குமிழ் கிளம்பியது.

சுண்ணாம்பு. போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு. வெளிநாட்டு டிரம்மில் வரும் கரைசல் காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்தது. அதில் சுண்ணாம்பு இருக்காது. சுண்ணாம்பு துளையை அடைத்ததால்தான் மீந்த கரைசல் அங்கேயே நின்று காய்ந்திருக்கிறது.

அப்போதுதான் அவனுக்குத் தன் கைகள் தெரிந்தன. மூன்று வாரத்துக்கு முன்பு டிரம் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. லாரி ஒருநாள் கூட நிற்கக் கூடாது என்று ராகவன் கத்தினார். வெங்கடேசன் வயலில் வளர்ந்தவன். யூரியா யூரியாதானே என்று, பயிருக்குப் போட்டு மீந்த அரை மூட்டையை வூட்டிலிருந்து எடுத்து வந்தான். யாரும் இல்லாத நேரத்தில் ஷெட்டுக் குழாயில் வரும் போர்வெல் தண்ணீரைப் பிடித்து, நீல டிரம்மில் கம்பு விட்டுக் கலக்கினான். நூற்றுக்கு முப்பத்திரண்டரை பங்கு யூரியா, எடை போட்டுக் கலந்தான். அடர்த்தி பார்க்கும் கருவியும் சரி என்றே காட்டியது. லாரியின் யூரியா டேங்கில் ஊற்றினான். அன்றைக்கு அவனுக்குத் தன்மேல் பெருமைகூட இருந்தது. பிறகு நல்ல டிரம் வந்தது, அதன்மேலேயே ஊற்றினார்கள், அவன் மறந்துபோனான். கணக்கு சரி. தண்ணீரை நினைக்கவே இல்லை.

"இன்னா நைனா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" மோசஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சுவிட்சு இல்லண்ணே. தண்ணி. டேங்குல கெட்ட தண்ணி கலந்துகீது."

"அப்ப நானு?"

"உன் மேல தப்பே இல்ல."

மோசஸ் மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "யம்மா, ரெண்டு பன்னு குடு. காலையிலேர்ந்து பட்டினியா கெடக்கறான்."

இப்போதே சொல்லிவிடலாம் என்று வெங்கடேசன் வாயைத் திறந்தான். மோசஸ் பன்னை டீயில் நனைத்து அவன் கையில் வைத்தார். அவன் தின்றான். பசி அப்படி.

சாயங்காலம் ராகவன் இன்ஜெக்டரின் வளையத்தைப் பார்த்தார். அவர் முன்னால் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்து காட்டினான்.

"சரி. கெட்ட தண்ணி டேங்குக்குள்ள எப்படி வந்துச்சு?"

மோசஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெங்கடேசன் தரையைப் பார்த்தான்.

"டிரம்முலயே இருந்திருக்கும் சார்."

ராகவன் அதை எழுதிக்கொண்டார். டேங்கைக் கழுவச் சொன்னார். மோசஸே ஓட்டட்டும் என்றார். மன்னிப்பு மாதிரி எதுவும் சொல்லவில்லை.

கம்பெனி பஸ் கிளம்பும் நேரத்தில் மோசஸ் ஜன்னலுக்குக் கீழே ஓடிவந்து, வெங்கடேசன் வெளியே வைத்திருந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இருபத்தஞ்சு வருசமா வண்டி ஓட்டிகினு கீறேன். எனக்காவ ஒருத்தன் பேசுனது இன்னிக்குத்தான்."

பஸ் நகர்ந்தது. கை விட்டுப்போனது. மோசஸ் தெருவில் நின்று சிரித்துக்கொண்டே சின்னதாகிக்கொண்டு போனார். பஸ்ஸுக்குள் எல்லோரும் தூங்கி வழிந்தார்கள். வெங்கடேசனுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த யூரியாவைக் கரைத்து ஊற்றியவன் நான்தான் என்ற ஒரு வார்த்தை, மோசஸுக்கு அவன் பாக்கி.