மாசிலாமணிக்குப் பூனை இல்லை

அந்த நகரத்தில் மூன்று பேருக்கு ஒருவர் ரத்தத்தில் பூனை இருந்தது. சுகாதார அலுவலகத்து ஆட்டோ இதைத் தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனது. பூனையின் கழிவிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து கழுவாத கீரைக்கும் வேகாத கறிக்கும் போய், அப்படியே மனுஷருக்குள் குடியேறும் கிருமி அது. டாக்ஸோபிளாஸ்மா என்று பெயர். அது யார் வாயில் நுழையும்? ஜனங்கள் பூனை என்றே வைத்துக்கொண்டார்கள். கர்ப்பிணிகள் மட்டும் டாக்டரைப் பாருங்கள், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது என்றும் ஆட்டோ சொன்னது. சரி என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஆனால் ரத்தத்தில் இருந்தாலும் பூனை குறுக்கே போனால் போனதுதானே? கிளம்பினவர் வீடு திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். பூனை உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பூனைக்குப் பூனை என்ன சகுனம்? அதற்கு அடையாளமாகச் சட்டையில் பச்சை வில்லை குத்திக்கொண்டு ஜோராகப் போய்வந்தார்கள். இல்லாதவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

மாசிலாமணிக்கு இல்லை. கல்யாணத்தன்று காலையில், பட்டு வேட்டி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் நர்ஸ் போன் பண்ணிச் சோதனை முடிவைச் சொன்னாள். அவனுக்குத் தூக்கி வாரிப் போட்டது. அம்மாவுக்கு இருந்தது, அக்காவுக்கு இருந்தது, தாய்மாமன் வைரவனுக்கு இரண்டு தடவை சோதித்து இரண்டு தடவையும் இருந்தது.

"சின்ன வயசுலேர்ந்து சோப்பு போட்டுப் போட்டுக் கை கழுவினியேடா. இப்ப ஊரே உன்னைக் கை கழுவுது பார்," என்றாள் அம்மா.

"ஒரு கட்டுக் கீரையை இப்பவே பச்சையா தின்னுடறேம்மா!"

"அது ரத்தத்துல உட்கார வாரக்கணக்கா ஆகுமாம். முகூர்த்தம் பத்தரையோட முடியுது. கிளம்பு."

கார் தெருமுனை தாண்டவில்லை, பச்சை வில்லை குத்திய தபால்காரர் குறுக்கே போனார். திரும்பினார்கள். மாசிலாமணி தண்ணீர் குடித்தான். அடுத்த தடவை ஒரு பள்ளிக்கூட வேனே குறுக்கே போனது. அதில் எத்தனை பூனையோ! அம்மா சொம்பை மடியிலேயே வைத்துக்கொண்டாள். போவதும் வருவதும் குடிப்பதுமாக அவன் வயிறு தளும்பியது. கண்ணும் தளும்பியது. மூன்று வருஷம் பேருந்து நிறுத்தத்தில் காத்து நின்று பூங்கோதையிடம் சம்மதம் வாங்கியவன் அவன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், நேரத்துக்கு வர வேண்டும்.

அவளே போன் பண்ணினாள்.

"எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான்."

"மறுபடியுமா?"

போனை வைத்துவிட்டாள். ஐயோ, நான் என்ன பாவம் பண்ணினேன், சுத்தமா இருந்தது ஒரு குத்தமா என்று வாய்விட்டே அழுதான்.

வைரவன் மாமா நிதானமாக அவன் மாலையைக் கழற்றி, ஜன்னலோரம் படுத்திருந்த வீட்டுப் பூனை ஜமீனின் கழுத்தில் போட்டார். பூனைக் கணக்கில் ஜமீன் மாசிலாமணியைவிட மூத்தது.

"அந்தக் காலத்துல மாப்பிள்ளையால வர முடியலைன்னா கத்தியை அனுப்பித் தாலி கட்டலையா? இவன் போகட்டும். இவனுக்கு யாருடா குறுக்கே போறது?"

யாரும் போகவில்லை. கார் ஒரே ஓட்டமாக மண்டபம் சேர்ந்தது. ஐயர் நீட்டிய தாலியை ஜமீன் கவ்விக் கொடுத்தது. நாத்தனார் என்ற முறையில் அக்காவே மூன்று முடிச்சையும் போட்டாள். மாசிலாமணி வீட்டில் உட்கார்ந்து, போனில் கெட்டிமேளம் கேட்டான். அப்பாடா, கல்யாணம் ஆகிவிட்டது என்று அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஊரே பந்திக்குப் போய்விட்டதால் மத்தியானம் தெரு காலியாகக் கிடந்தது. ஒரே மூச்சில் மண்டபத்துக்கு ஓடினான். வாசலில் மாமா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"பூங்கோதை எங்க மாமா?"

"மாப்பிள்ளையோட பந்தியில."

"மாப்பிள்ளை நான்தானே!"

"கத்தின்னா திருப்பி உறையில போட்டுரலாம். இவன் பொண்ணு பக்கத்துல இலை போட்டுச் சாப்பிட்டுட்டானே. பாயசம் வரைக்கும். இனிமே யார் என்ன பண்ண முடியும்?"

மாசிலாமணி உள்ளே ஓடினான். பூங்கோதை எழுந்து, தலை குனிந்து, முறைப்படி இரண்டடி தள்ளியே நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

"வாங்க கொழுந்தனாரே," என்றாள். "கை கழுவிட்டு வாங்க, இலை போடச் சொல்றேன்."

மாசிலாமணி போய்ச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அண்ணன் மீசையைத் துடைத்துவிட்டு உட்காரச் சொல்லும்வரை, மரியாதைக்கு நின்றுகொண்டிருந்தான்.