எட்டு மணி வீடியோ ரவுண்ட்ஸ்

அசன் முகம்மதுவை வென்டிலேட்டரில் போட்டு அறுபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. குழாயைப் போட்டவர் டியூட்டி டாக்டர் வைகுண்டராஜ். மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததென்று அன்றிரவே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு எந்த டாக்டரும் அசன் முகம்மதுவைத் தொடவில்லை.

பார்ப்பது மட்டும் நடந்தது. எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய கட்டடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. டாக்டர் எப்சி அங்கே உட்கார்ந்தபடி, தினமும் காலை எட்டு மணிக்கு எங்கள் ராஜபாளையம் ஐ.சி.யூ.வை வீடியோவில் சுற்றி வருவார். இந்த வாரம்தான் பொறுப்பேற்றவர். எங்கள் யாரையும் நேரில் பார்த்ததில்லை. சக்கர ஸ்டாண்டில் டேப்லெட்டை மாட்டிப் படுக்கை படுக்கையாகத் தள்ளிப் போவது என் வேலை. அதற்கு பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி கேட்டிருந்தார்கள்.

டாக்டர் இடத்தில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியன் தவசிமுத்து நின்றார். தொப்பியும் மாஸ்க்கும் கவுனும் போட்டுவிட்டால் திரையில் எல்லோரும் ஒன்றுதான். மேனேஜர் ஜெபதுரையின் ஏற்பாடு அது. "புது டாக்டர் வார வரைக்கும்தான்" என்றார். தவசிமுத்து ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சின் இரண்டு பக்கமும் வைத்து எடுப்பார். "ஈக்வல், மேடம்" என்பார்; மூச்சு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் கேட்கிறதாம். இரண்டு நாளும் அதே வார்த்தை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கோபம் வந்தால் எனக்குக் குரலே எழும்பாது. வீட்டிலும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் காலை அசன் முகம்மதுவின் மனைவி ஹாஜரா கதவருகே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அந்த டாக்டரம்மா எங்க ஸ்ரீவில்லிபுத்தூர்லதான இருக்காவ? சோத்த வடிச்சு வச்சுட்டு நானே வந்துட்டேன். அவியளுக்கு பஸ்ஸு கெடைக்கலியாக்கும்?"

நான் மாஸ்க்கை ஏற்றி மாட்டிக்கொண்டேன்.

"சரி, உள்ள ஒரு டாக்டர் இருக்காவல்லா. அவிய நல்லா பாக்காவளா?"

நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடினேன்.

வென்டிலேட்டர் கத்திக்கொண்டிருந்தது. அசன் முகம்மதுவின் நெஞ்சில் வலது பக்கம் மட்டும் ஏறி இறங்கியது. தவசிமுத்து பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். திரைச்சீலை ஓரமாக ஜெபதுரை.

"சார், எதிர்த்த கிளினிக்ல சர்ஜன் இருக்காவ. கூப்பிடலாம் சார்."

எனக்கே கேட்காத குரல். அவருக்குக் கேட்டுவிட்டது.

"ஏட்டி, வாய மூடு. அந்தாளு வந்தா பஜாரு பூரா தெரிஞ்சிரும். நீ ஸ்டாண்டத் தள்ளு."

"சார், எனக்குப் பயமா இருக்கு" என்றார் தவசிமுத்து.

"ஏலே, நிக்கத்தான சொன்னேன். ஆபரேசன் பண்ணவா சொன்னேன்?"

எட்டு மணி. டாக்டர் எப்சி திரையில் வந்தார்.

"ஏன் அலாரம் அடிக்குது? ஆக்சிஜன் எண்பத்தொண்ணுக்கு எறங்கியிருக்கே! இடது பக்கம் கேளுங்க டாக்டர்."

தவசிமுத்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

"ஈக்வல், மேடம்."

"ஈக்வலா? அந்தப் பக்கம் அசையவே இல்லையே. நல்லா கேளுங்க."

"ஈக்வல், மேடம்."

டாக்டர் எப்சி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நுரையீரல்ல இருந்து காத்து கசிஞ்சு நெஞ்ச அமுக்குது. எக்ஸ்ரேக்கெல்லாம் நேரமில்ல. ஊசி போட்டு அந்தக் காத்த வெளிய எடுங்க. இப்பவே."

தவசிமுத்து நோயாளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அவருடைய மாஸ்க்கின் ஓரம் வியர்வையில் நனைந்திருந்தது.

கேமராவுக்குத் தெரியாத இடத்தில் நின்று, ஜெபதுரை இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல்போல் ஆட்டினார். "நெட்டு போச்சுன்னு கட் பண்ணுட்டி" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

கட் பண்ணினால் டாக்டர் எப்சி மறைந்துவிடுவார். ஜெபதுரைக்கு மூச்சு வரும். அசன் முகம்மது இங்கேயேதான் கிடப்பார். அவர் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"என்ன டாக்டர், நிக்கிறீங்க? ஆள் போயிருவாரு. டாக்டர்!"

நான் டேப்லெட்டை என் பக்கம் திருப்பினேன். டாக்டர் எப்சி என் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"யாரும்மா நீ? டாக்டர்கிட்ட திருப்பு."

"ஏட்டி!" ஜெபதுரை இப்போது வாய்விட்டே கத்தினார். சத்தம் கேட்டு ஹாஜரா கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட திருப்புன்னு சொல்றேன்ல!"

நான் மாஸ்க்கைக் கீழே இழுத்தேன். ஐ.சி.யூ. முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம் வந்தது. அது என்னுடையது.

"எந்த டாக்டர்கிட்ட மேடம் திருப்ப? இங்க டாக்டரே கெடையாது."