அந்தப் பத்து மார்க்

விண்ணப்பப் படிவம் இரண்டு வாங்கி வந்த தவறு என்னுடையதுதான். ஒன்றை நான் நிரப்பினேன். மற்றொன்றைப் பெரிய மனது பண்ணி என் தங்கை துளசிக்குக் கொடுத்தேன். அந்த மனதை அப்புறம் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

ஈப்போவில் அரசாங்கப் பயிற்சி நிலையம். ஏர்கான், அதாவது ஏசி, பொருத்தும் ஆறு மாத வகுப்பு. சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்திலிருந்து தினமும் ஒரே மோட்டார் சைக்கிளில் போவோம். ஓட்டுவது நான், பாராட்டு வாங்குவது அவள். அவள் இணைத்த செம்புக் குழாயை எங்களுக்குப் பாடம் எடுத்த பழனியப்பன் சார் சுவரில் மாட்டினார். என்னுடையதையும் மாட்டினார், "இப்படிச் செய்யாதே" என்ற பலகையின் கீழே.

பொறாமைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, உழைக்க வைக்கும். எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்து குழாய் வெட்டினேன். ஐந்தாம் மாதம் சார் பலகையை எடுத்துவிட்டார். ஆறாம் மாதம் ஈப்போ கம்பெனி ஒன்று, எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒருவரை வேலைக்கு எடுப்பதாகச் சொன்னது. தேர்வில் யார் முதலோ அவருக்கு.

"சாக்கிட் ஹாத்தி வேணாம் அண்ணே, மனசுல எதையும் வெச்சுக்காத, யாருக்குக் கிடைச்சாலும் வீட்டுக்குத்தானே" என்றாள் துளசி.

"ஆமாலா" என்றேன். எனக்குக் கிடைத்தால் மட்டும்தான் வீட்டுக்கு என்று உள்ளே ஒருத்தன் சொன்னான்.

தேர்வன்று அவள் மேசை எனக்கு எதிரே. குழாயின் முனையை விரிப்பதற்கு முன்பே நட்டை உள்ளே நுழைத்துவிட வேண்டும். விரித்த பிறகு நட்டு நுழையாது. முதல் வாரமே நாங்கள் எல்லாரும் செய்து அடிவாங்கிய தப்பு அது. என் வேலை முடிந்துவிட்டது. கண் அவள் கையில்தான். துளசி குழாயை மாட்டினாள், திருகினாள், விரிக்கிறாள். நட்டோ மேசை மேல் சும்மா கிடக்கிறது!

எனக்குள் மேளம் கொட்டியது. ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டால் வேலை என்னுடையது. மூடித்தான் இருந்தேன். அப்போது அவள் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் துடைப்பாள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏய், நட்டுலா!"

கூடமே திரும்பியது. பழனியப்பன் சார் பேனாவை எடுத்தார். "கனகராஜ், தேர்வுல பேச்சா? பத்து மார்க் போச்சு."

துளசி என்னை முறைத்தாள். அமைதியாக அந்த விரிந்த முனையை வெட்டி எறிந்தாள், நட்டை நுழைத்தாள், மறுபடி விரித்தாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அந்த டூல் தேஞ்சு போயிருக்குலா. நல்லா விரிக்குதான்னு மொதல்ல ஒன்னு போட்டுப் பாத்தேன். உன்னைய யாரு கத்தச் சொன்னா?"

மறுநாள் முடிவு ஒட்டினார்கள். துளசி தொண்ணூற்றொன்று. கனகராஜ் எண்பத்துநான்கு. எண்பத்துநான்கோடு பத்தைக் கூட்டக் கால்குலேட்டர் தேவையில்லை. அவளும் கூட்டிவிட்டாள்.

"நான் சார்கிட்ட சொல்றேன். வேலைக்கு நீ போ அண்ணே."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தோடு வேலையை வாங்கிக்கொண்டு நான் எங்கே போவேன்?

"வேணாம்லா. அந்தக் கம்பெனிச் சட்டை எனக்கு நல்லாருக்காது."

திங்கட்கிழமை அந்தச் சட்டையை அவள்தான் போட்டிருந்தாள். மார்பில் பெயர் தைத்திருந்தார்கள். என் வயிறு எரிந்தது. காலையில் அம்மா போட்ட ரொட்டி சானாய் மேல் பழியைப் போட்டேன். கம்பெனி வாசலில் இறக்கிவிட்டேன். காவல்காரர் அவளுக்குக் கதவைத் திறந்தார், என்னைக் கை காட்டி நிறுத்தினார்.

"கிராப்பா?" என்று கேட்டார், வாடகைக்கு ஆள் ஏற்றுகிறவன் என்று நினைத்து.

"அபாங்" என்றேன். அவருக்கு விளங்கியிருந்தும், உள்ளே போய்க்கொண்டிருந்தவளுக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்: "அண்ணன்!"