தங்கையின் நோய்க்கு ஒரு பெயர்

மணியம்மாளைப் பெண் பார்க்கத் தாமல் கிராமத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்றைக்குத்தான் அவள் தங்கை கிருஷ்ணவேணி கிணற்றடியில் நின்று, "குதிச்சிடுவேன்" என்று கத்தினாள். கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பின்கட்டுக்கு ஓடினார்கள். அப்பா கைலாசம் சின்ன மகளைக் கட்டிப்பிடித்து இழுத்து வந்தார். வந்தவர்கள் காபியைத் தொடாமலே கிளம்பிவிட்டார்கள். புதுப்புடவையில் நின்றிருந்த மணியம்மாளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எப்போதும் அப்படித்தான். காய்ச்சலோடும் மணியம்மாள் உட்கார்ந்து பட்டு நூல் சுற்றுவாள். கிருஷ்ணவேணி முகம் சுண்டினாலோ வீடே நடுங்கும். காலையில் "நீதான்க்கா என் உயிரு" என்று கழுத்தைக் கட்டிக்கொள்வாள். சாயங்காலம் அதே அக்கா அவளைக் கொல்ல வந்த எமன். வேப்பிலை அடித்தது, மாகறல் கோயிலுக்கு நேர்ந்துகொண்டது எல்லாம் சின்னவளுக்காகவே. அம்மா உயிரோடு இருந்தவரை மடியும் அவளுக்குத்தான்.

கடைசியில் கைலாசம் அவளைச் சென்னையில் ஒரு மனநோய் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் ஸௌந்தரராஜன் பலமுறை பார்த்தும் முடிவு சொல்லவில்லை. "கூடவே வளர்ந்தவங்க யாராவது வரணும்" என்றார்.

எல்லாம் வேஷம் என்று போட்டு உடைத்துவிட வேண்டும் என்ற நினைப்போடுதான் மணியம்மாள் அப்பாவோடு பஸ் ஏறினாள்.

"நடிப்பு சார். நாலு பேரு இருந்தாத்தான் ஆடுவா."

"யாரும் இல்லாதப்போ பார்த்திருக்கீங்களாம்மா?"

பார்த்திருந்தாள். ஒரு கருட சேவையன்று, ஊரே தெருவில் இருந்தபோது, தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்தவள், இருட்டறையில் தங்கை சத்தமே இல்லாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அன்றைக்கு யாருக்காக நடித்தாள்?

அதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். டாக்டர் மேலும் கேட்டார்.

"காதுல குரல் கேக்குதுன்னு சொல்வாளா?"

"இல்ல சார்."

"வீட்ல மட்டுந்தான் இப்படியா?"

"பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான், பக்கத்து வீட்லயும் அப்படித்தான். ஒரு வாரம் தெய்வம்பா, மறுவாரம் துரோகிம்பா. பெரிய மனுஷி ஆனதுலேந்தே இப்படித்தான் இருந்துக்கினு இருக்கா."

டாக்டர் பேனாவை மூடினார். "ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்ற நோய் இல்லம்மா இது. பல வருஷமா, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்குதான்னு கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். இது பைத்தியமும் இல்ல, நடிப்பும் இல்ல. ஆளுமைக் கோளாறு. பேசிப் பேசிக் கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணலாம்."

அதற்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டதா அவளுக்கு? மணியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கும் ஒரு பேரு சொல்லுங்க சார். அவளைப் பார்த்தாலே வயிறு எரியுது. அவ இல்லாமலே போயிருந்தா தேவலன்னுகூட நெனச்சிருக்கேன். இது இன்னா வியாதி?"

டாக்டர் சிரிக்கவில்லை. தூக்கம், சாப்பாடு, வேலை, அக்கம்பக்கத்துப் பழக்கம் என்று அவளையும் பொறுமையாக விசாரித்தார். பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போனதையும் அவள் சொன்னாள்.

"இது வியாதி இல்லம்மா, பொறாமை. உங்க இடத்துல யாருக்கும் வரும்."

வெளியே இருந்த கைலாசத்தைக் கூப்பிட்டார். "பெரியவளைப் பார்க்க வந்தவங்க எழுந்து போனாங்களே, அப்புறம் போய்ப் பேசினீங்களா?"

"இல்லீங்க" என்றார் கைலாசம்.

மறுநாளே தாமலுக்குப் போனார். அந்த இடம் கைகூடவில்லை. செவிலிமேட்டிலிருந்து வேறொருவன் வந்தான். தறி வேலைக்காரன், பெயர் கந்தன். தை மாதம் கல்யாணம் நடந்தது. வந்த சொந்தமெல்லாம் மணமேடையில் இருந்தவளிடம் முதலில் கேட்டது, "சின்னவ இப்போ எப்படிம்மா இருக்கா?" என்றுதான். மாலையும் கழுத்துமாக இருந்தபோதும் மணியம்மாளுக்கு எரியத்தான் செய்தது.

புறப்படும் நேரத்தில் கிருஷ்ணவேணி கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ போய்ட்டா நான் யார்கிட்டக்கா சண்டை போடுவேன்?"

"டாக்டர்கிட்ட போடு. அதுக்குத்தான வாராவாரம் போற!"

கிருஷ்ணவேணி அழுதுகொண்டே சிரித்தாள். மணியம்மாள் கையை உடனே விடுவித்துக்கொள்ளவில்லை.