ரூம் டெம்பரேச்சர்

எங்கூட்டு ஆமைக்குப் பேரு ரைட்டர். எஸ்டேட்டுல கணக்கெழுதுற ரைட்டராட்டம் கழுத்த நீட்டி எல்லாத்தயும் நோட்டம் பாக்கும். மக ஜீவா வாங்கியாந்தது. அவ ஆஸ்டலுக்குப் போனதுல இருந்து இந்த ஊட்டுல என் பேச்சுக்குத் தலயத் திருப்புற ஒரே சீவன் அதுதான். எம்புருசன் கருப்பண்ணன் டிவிய உட்டு எதுக்கும் திரும்ப மாட்டாரு.

பத்து நாளா ரைட்டர் எதுவும் திங்கல. பஸ்ஸேறி மலையெறங்கி, சேலத்துல பிராணிங்களுக்குப் பாக்குற கௌரி டாக்டருகிட்டக் கொண்டு போனேன். எக்ஸ்ரே பாத்துட்டுச் சிரிச்சாங்க.

"ரைட்டரு பொம்பளைங்க. உள்ள முட்டை அடச்சுக்கிட்டு வெளிய வரலீங்க."

அட கெரகமே! மூணு வருசமா வாடா போடான்னில்ல கூப்புட்டிருக்கேன்!

மயக்க ஊசி போட்டு, அடி ஓட்டச் சதுரமா அறுத்து, அஞ்சு முட்டைய எடுத்தாங்க. அறுத்த துண்டத் திரும்ப வெச்சு ஒட்டினாங்க. ரெண்டு நாள் கழிச்சுக் கையில குடுத்து, "தண்ணியில உட்றாதீங்க, ரூம் டெம்பரேச்சர்ல வைங்க, போதும்"னாங்க.

அப்படியே வெச்சேன். எப்பவும் கெடக்குற ஹீட்டர் தொட்டியில உடாம ரூமுக்குள்ள, மேசை மேல, அட்டப்பெட்டியில.

காலையில பாத்தா சில்லுனு கெடக்குது. காலத் தொட்டா இழுத்துக்கல. இந்த மனுசன் மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போயி காப்பிச்செடி ஓரமாக் குழி வெட்டுறாரு. வெட்டிட்டு உள்ளயும் வரல, வாசல்லயே நின்னுக்கிட்டாரு.

டாக்டருக்குப் போனப் போட்டுக் கத்தினேன். "நீங்க சொன்னாப்புலயே ரூம்லதானுங்க வெச்சேன்!"

"ரூம் எப்படிங்க இருக்குது?"

"நான் ஸ்வெட்டரு போட்டுக்கிட்டு நிக்கிறேனுங்க."

"அய்யோ, நான் சேலத்து ரூம நெனச்சுல்ல சொல்லிட்டேன்! என் தப்புங்க. குளுந்தா அது செத்தாப்புலதான் கெடக்கும். பெட்டிக்கு மேல குண்டு பல்பு எரிய உடுங்க. ஒடம்பு நல்லாச் சூடாகியும் அசையலீன்னா அப்பறம் பேசிக்கலாம்."

கோழிக்குஞ்சுக்கு வெச்சிருந்த பல்பக் கட்டிட்டுப் பக்கத்துல உக்காந்தேன். வாய்க்கு வந்ததயெல்லாம் பேசிக்கிட்டே இருந்தேன். பத்து மணியாச்சு, ஒண்ணுமில்ல. பதினோரு மணிக்கு ஒரு நகம் அசஞ்சுது. பன்னண்டுக்குக் கழுத்து வெளிய வந்து எம்பக்கமாத் திரும்புச்சு.

நான் ஓன்னு அழுதுட்டேன்.

வாசல்ல மம்பட்டி தொப்புனு உளுந்த சத்தம் கேட்டுது. கையெல்லாம் செம்மண்ணோட எம்புருசன் ஓடியாந்தாரு. "போயிருச்சா புள்ள? அழுவாத சாமி"ன்னு என் தலயத் தடவுறாரு. அவரு கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு.

அன்னிக்கு என் சத்தத்துக்கு ரெண்டு பேரு திரும்பிப் பாத்தாங்க.