உச்சி வெயிலில் அடித்த சீட்டி

காலில் மஞ்சள் வளையம் போட்ட சிலம்பன் குருவி தராசுத் தட்டில் ஏறி நின்றது. அறுபத்தொரு கிராம். ஒரு வயது நிரம்பிய மற்ற குருவிகளெல்லாம் எழுபத்தைந்தை எப்போதோ தாண்டிவிட்டன. மணி ஒன்பதுகூட ஆகவில்லை, அதற்குள் இது அலகைப் பிளந்துகொண்டு இரைக்கிறது.

"இதுவும் உன்ன மாதிரிதான், சேபாட்டி. எவ்வளவு போட்டாலும் ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்றார் மோதிபி. அவர்தான் அந்தக் குருவி ஆய்வு முகாமுக்குப் பொறுப்பு. தினமும் எடை போட்டு நோட்டில் எழுதுகிற சேபாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

கலஹாரியில் இந்தக் கறுப்பு வெள்ளைக் குருவிகளை எடை போட யாரும் வலை விரிப்பதில்லை. சீட்டியடித்து, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கொஞ்சம் தூவினால் போதும், கூட்டமே ஓடி வரும். காலையில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை. நண்பகலில் மட்டும் கூப்பிடவே கூடாது. முள்மரத்துக் கூட்டில் குஞ்சுகள்மேல் வெயில் படாமல் தாய் நிற்கிற நேரம் அது.

போன கோடையில் அவள் தங்கைக்குக் கல்யாணம். விருந்துக்கு வேகவைத்த கறியை இடிக்க ஆளில்லை, பியர் காய்ச்ச ஆளில்லை என்று அம்மா தினமும் போனில் நச்சரித்தாள். சேபாட்டி என்ன செய்தாள் தெரியுமா? பதினோரு நாள், சாயங்கால எடையை நண்பகலிலேயே முடித்தாள். நோட்டில் ஆறு மணி என்று எழுதிவிட்டு ஊருக்கு வண்டி ஏறினாள். குருவிகளுக்கு என்ன தெரியும், பாவம்? சீட்டி கேட்டால் முட்டை. கூட்டை விட்டுவிட்டு வந்தவை, அவள் போன பிறகும் வெகுநேரம் அதே மணலைக் கிளறிக்கொண்டிருந்தன.

அப்போது அந்தக் கூட்டில் குஞ்சாக இருந்ததுதான் மஞ்சள் வளையம். கோடை வெப்பம் குஞ்சை ஆயுளுக்கும் நோஞ்சானாக்கிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம் என்று மோதிபி பூரித்துப் போயிருந்தார். மறுநாள் வெளியூர் ஆய்வாளர்கள் முன்னால் இதைத்தான் சொல்லப் போகிறார். இன்று வாயைத் திறக்காவிட்டால் அவள் எழுதிய பொய் அவர் வாயிலிருந்து வரும்.

மத்தியானம் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணம், நண்பகல், ஆறு மணி என்று எழுதியது, ஒன்று விடாமல். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. போன வருஷ நோட்டை எடுத்து மெதுவாகப் புரட்டினார்.

"அந்தக் கூட்டுல மூணு குஞ்சு இருந்துச்சு."

"ஆமா, ஐயா."

"ரெண்டு காணாமப் போச்சு. பாம்புன்னு எழுதியிருக்க."

உயிரோடு இருக்கிற ஒன்றைப் பற்றித்தான் இத்தனை மாதமாகத் தூக்கம் கெட்டாள். தாயின் நிழலில்லாமல் வெயிலில் வாடிய மற்ற இரண்டையும் அவளே அந்த ஒரு வார்த்தையில் மூடி வைத்திருந்தாள்.

"மரத்தடி மணல்ல தடம் பாத்தியா?"

இந்த ஊரில் பாம்பு போனால் மணல் சொல்லும். அது அவளுக்கும் தெரியும்.

"தடமே இல்ல, ஐயா."

அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். சேபாட்டி 'பாம்பு' என்பதை அடித்தாள். அதற்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று கேட்க வாயெடுத்தாள். அவர் அதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார்.